சதை பிடித்த கதை

எழுபதுகளில், பாளையங்கோட்டையில், எங்கள் குடும்பத்தின் தலையாய மனக்குறை என் உடம்புதான். அப்பாவுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது, அக்காவுக்கு வரன் தகையாதது எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு அத்தை என் புஜத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பாள். இரண்டு விரலும் சுலபமாகத் தொட்டுக்கொள்ளும். "என்ன மதினி, பிள்ளைக்குச் சோறு போடுதியளா, இல்ல காட்டிட்டு எடுத்துருதியளா?" என்று அம்மாவிடம் கேட்பாள். கேலிதான். ஆனால் அம்மாவுக்கு அன்றைக்குப் பந்திச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

வீட்டுக்கு வந்ததும் நடவடிக்கை ஆரம்பமாகும். மீன் எண்ணெய் மாத்திரை. நாட்டு வைத்தியர் கொடுத்த லேகியம், நெல்லிக்காய் அளவு, வெறும் வயிற்றில். உளுந்தங்களியின் நடுவே குழி பறித்து நல்லெண்ணெய். இத்தனையும் உள்ளே போன பிறகு, வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளை எப்படித் தேறும் என்று ஆச்சிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டி, வாரம் முழுக்க ஊட்டியதை ஒரே காலைப் பொழுதில் வெளியேற்றிவிடுவாள். திங்கட்கிழமை மறுபடியும் லேகியம். வரவும் செலவும் இப்படிச் சரிக்குச் சரியாக இருந்ததால் என் எடை அசையவே இல்லை.

தேறிய உடம்பு என்றால் என்ன என்பதற்கு எங்கள் கண்முன்னால் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று, பால் பவுடர் டப்பாவின் மேல் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை. மணிக்கட்டில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு, கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. பொருட்காட்சிகளில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைப்பார்கள். டப்பாக் குழந்தையின் சாயல் எந்தக் குழந்தைக்கு அதிகமோ அதற்கு எவர்சில்வர் குடம். இன்னொரு முன்மாதிரி, என் வகுப்பில் படித்த ரைஸ்மில் முதலாளியின் மகன். பள்ளிக்கூடத்திலேயே தொப்பை உள்ள மாணவன் அவன் ஒருவன்தான். தொப்பை உள்ள வாத்தியார்களே அப்போது குறைவு. ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் கேட்காமலே அவனுக்குப் போகும். எனக்கு எல்லா வருஷமும் வறுமையில் வாடும் புலவர். ஒப்பனைச் செலவு மிச்சம்.

இந்தக் கதையை இப்போது சொன்னால், என் வயதுக்காரர்கள் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். "அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி. கம்பு, கேப்பை, கருப்பட்டி. அதான் யாருக்கும் ஊளைச்சதை இல்லை" என்பார்கள். காலையில் பூங்கா பெஞ்சில் இது தினசரி பஜனை. எனக்கு அதில் பங்கெடுக்க மனம் வருவதில்லை. நாங்கள் கட்டுப்பாட்டோடு சாப்பிட்டவர்கள் அல்ல, கிடைத்ததைச் சாப்பிட்டவர்கள். கேப்பைக் களி தின்றது கால்சியத்துக்காக அல்ல, அரிசி கட்டுப்படியாகாததால். கேப்பை தின்கிற வீடு என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

சீனி ரேஷனில் வந்தது. அலமாரியின் மேல்தட்டில், ஆச்சியின் கண்காணிப்பில் இருந்தது. எண்ணெய்க்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு செட்டியார் கடைக்குப் போய் நூறு, இருநூறு என்று வாங்கி வருவோம். பஜ்ஜி போட வேண்டுமென்றால் அக்காவைப் பெண் பார்க்க யாராவது வர வேண்டும். வடைக்கு அமாவாசையோ திவசமோ வர வேண்டும். அதிரசத்துக்குத் தீபாவளி வர வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பேற ஒரு காரணம் தேவைப்பட்டது. இன்றைக்குப் பசி கூடத் தேவையில்லை.

கலர் குடிப்பதற்கு விருந்தாளி வர வேண்டும். கடைக்கு ஓடிப்போய், பாட்டிலைத் திருப்பித் தருவதாக உறுதி கூறி, ஒரே ஒரு கண்ணாடி பாட்டில் வாங்கி வருவேன். வந்தவர் இங்கிதம் தெரிந்தவராக இருந்தால் அடியில் இரண்டு மடக்கு மிச்சம் வைப்பார். அந்த இரண்டு மடக்குக்கு நானும் தம்பியும் கதவுக்குப் பின்னால் தவம் கிடப்போம். இங்கிதம் தெரியாத விருந்தாளிகளும் உண்டு. அவர்கள் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஓட்டத்தையும் நாங்கள் உடற்பயிற்சி என்று நினைத்து ஓடவில்லை. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து திரும்ப வேண்டும். காப்பிக்கொட்டை அரைக்க, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க, அத்தை வீட்டில் தகவல் சொல்ல, தறி நெய்கிறவரிடம் வேட்டி வாங்க என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் கால் முளைத்த ஆள் நான்தான். இன்றைக்கு ஒரு செயலியில் பொத்தானை அழுத்தினால் பத்து நிமிஷத்தில் கொத்தமல்லிக் கட்டு வாசலுக்கு வருகிறது. கொண்டுவருகிற பையனைக் கவனித்திருக்கிறீர்களா? ஒல்லியாக இருப்பான். அலைச்சல் ஒழிந்துவிடவில்லை, கைமாறிவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கே அப்படி ஒரு செயலி இருந்து, அப்பாவிடம் காசும் இருந்திருந்தால், ஆறாம் வகுப்பில் ராஜா வேஷத்துக்கு நான் கடும்போட்டி கொடுத்திருப்பேன்.

மெலிவு அழகல்ல என்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கத்தின் கவலையும் அத்தையின் கவலையும் ஒன்றுதான்: பிள்ளைகள் உடம்பில் ஒன்றுமில்லை. என் வகுப்பிலேயே சொறியும் சிரங்கும் வீங்கிய வயிறுமாகப் பாதிப் பேர் இருந்தோம். அந்த நாட்கள் திரும்பி வரட்டும் என்று ஏங்குகிறவர்கள் அந்த வயிறுகளை மறந்துவிட்டார்கள். இந்தக் கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது.

ஒல்லியாக இருந்தோமே, அதனாலாவது நோயில்லாமல் இருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. பூங்கா பெஞ்சில் கேப்பைப் பெருமை பேசும் ஐந்து பேரில் நான்கு பேர் சுகர் மாத்திரை போடுகிறவர்கள், என்னையும் சேர்த்து. இதற்குப் புணேயில் விடை கண்டவர் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அங்கே பிறக்கும் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைந்தவை. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. தசைதான் குறைந்திருந்தது. 2004இல் அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் தங்கள் இருவரின் படத்தையே 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றேதான், 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. இப்படிப்பட்ட உடம்பு வறுமையில் பிறந்து, நாற்பது வயதில் வசதியைச் சந்தித்தது. எங்கள் தலைமுறைக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதே உடம்பு நான்கு வயதிலேயே வசதியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் பேரனைப் பார்க்க வேண்டும்.

பேரன் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது தளத்தில் வளர்கிறான். பிறந்த சில மாதங்களிலேயே அசல் டப்பாக் குழந்தையாகிவிட்டான். என் மனைவி பூரித்துப்போனாள். "ஒருவழியா நம்ம வம்சத்துல சதை பிடிச்ச பிள்ளை ஒண்ணு வந்துட்டு" என்று ஊருக்கெல்லாம் போன் போட்டாள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் குழந்தை அழுதால் "பால் பத்தலை" என்று தீர்ப்புச் சொல்ல வீட்டுக்கு வந்த யாருக்கும் தகுதி இருந்தது. மூன்றாம் மாதமே டப்பா திறக்கப்பட்டது. குழந்தைக்குப் பசியைத் தவிர வேறு துக்கமே இருக்க முடியாது என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

சோறு ஊட்டும் வயது வந்ததும் போன் வந்தது. திரையில் ஒரு கார்ட்டூன் கரடி குதிக்கும், பிள்ளை வாயைத் திறப்பான், கவளம் உள்ளே போகும். கிண்ணம் காலியாகும்வரை கரடி குதித்துக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்று அவன் முகத்தைத் திருப்புவதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. "முழுசா சாப்பிட்டுட்டான்" என்று மகள் நிம்மதியாகக் கிண்ணத்தைக் கழுவுவாள். கேட்கும் எங்களுக்கும் நிம்மதி.

பிறகு பரிசுகள் ஆரம்பித்தன. ஊசி போட்டால் சாக்லேட். முடி வெட்டிக்கொண்டால் ஐஸ்கிரீம். கணக்கில் நூறு வாங்கினால் பீட்சா. நாற்பது வாங்கினால் ஆறுதலுக்குப் பர்கர். காலையில் பாலில் இரண்டு கரண்டி மால்ட் மாவு. அதிலேயே சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் மேலே ஒரு கரண்டி. அதைக் குடித்தால்தான் உயரமாக வளர்வான் என்று விளம்பரம் சொன்னது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணையக் கடைகளைக் கூப்பிட்டு, இந்த வகைப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்காதீர்கள் என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். இல்லாத ஒன்றை நாடு முழுக்கத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

பத்தாவது வயதில் அவன் எடை 56 கிலோ, உயரம் 143 சென்டிமீட்டர். அப்போதும் யாருக்கும் கவலையில்லை. "வயசுக்கு வந்தா உயரத்துல சதை கரைஞ்சிரும்" என்றாள் என் மனைவி. இந்த வாக்கியம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உண்மை வேறு மாதிரி. பதின்ம வயதில் உடல் பருமனாக இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

எங்களை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது எடை அல்ல, அழுக்கு. பேரனின் பிடரியில் கருப்பாக, வெல்வெட் துணி போலத் தடித்து ஒரு பட்டை படர்ந்திருந்தது. வேன் புழுதி என்றாள் மகள். பையன் ஒழுங்காகக் குளிப்பதில்லை என்றார் மருமகன். பாசிப்பயறு மாவு, கடலை மாவு, எலுமிச்சம்பழத் தோல், கடைசியில் பீர்க்கங்காய் நார் என்று வாராவாரம் தேய்த்தார்கள். அவன் கத்துகிற கத்தல் பத்தாவது தளம்வரை கேட்கும். கழுத்து சிவந்ததே தவிர வெளுக்கவில்லை.

குழந்தை மருத்துவர் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். அக்குளையும் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க, பாவம்" என்றார். உடம்பில் கொழுப்பு ஏற ஏற இன்சுலின் சொல்வதை உடல் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிவிட, கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்கிறது. சர்க்கரை நோய் வருவதற்கு வருஷக்கணக்கில் முன்பே வருகிற எச்சரிக்கை இது. இதைத்தான் நாங்கள் பயத்தமாவு போட்டு அழிக்கப் பார்த்தோம்.

"தைராய்டா இருக்குமோ டாக்டர்?" என்று மகள் கேட்டாள். குரலில் ஆசை இருந்தது. தைராய்டு என்றால் யார் மேலும் குற்றமில்லை, ஒரு மாத்திரையோடு போய்விடும். மருத்துவர் சிரித்தார். சுரப்பிக் கோளாறால் குண்டாகிற பிள்ளைகள் வெகு சிலர்; அவர்கள் பெரும்பாலும் குட்டையாக இருப்பார்கள். இவன் வயதுக்கு உயரமாக வளர்ந்திருக்கிறான், அதனால் காரணம் சாப்பாட்டிலும் அசையாமல் இருப்பதிலும்தான் என்றார். நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. இவனுக்கு 71 சென்டிமீட்டர் இருக்கலாம், இருந்தது 86. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருந்தது தெரிந்தது. எங்கள் ஊரில் கல்லீரல் கெடுவதென்றால் ஒரு மனிதன் சாராயக் கடைக்கு இருபது வருஷமாவது நடந்திருக்க வேண்டும். இவன் உட்கார்ந்த இடத்தில் பத்து வயதிலேயே அதைச் சாதித்துவிட்டான்.

பட்டினி போடாதீர்கள் என்றார் மருத்துவர். வளர்கிற பிள்ளைக்கு எடையைக் குறைப்பதைவிட, இருக்கிற எடையை ஏறாமல் நிறுத்தி வைப்பதுதான் முதல் வேலை. உயரம் கூடக் கூட அந்த எடை தானே ஈடாகும். பாட்டில் பானம், பாக்கெட் ஜூஸ் இரண்டையும் நிறுத்தி, தண்ணீரும் மோரும் கொடுங்கள். தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடட்டும். ஒன்பது மணி நேரமாவது தூங்கட்டும், தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். முக்கியமாக, அவனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம், வீடே மாறட்டும். மருந்துச் சீட்டில் மருந்தே இல்லாததால் மருமகனுக்கு அந்த மருத்துவர் மேல் நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது கருத்துக்கு இன்னொருவரிடம் போனார்கள். அவரும் இதையேதான் சொன்னார், கட்டணம் மட்டும் கூட.

ஒரு பாட்டில் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் வங்கியில் இருந்தவன். சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. 300 மில்லி என்றால் ஏழெட்டு டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாள் கலோரியில் ஐந்து சதவீதத்துக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஐந்தாறு டீஸ்பூன். ஆக ஒரே பாட்டிலில் அன்றைய பங்கு முடிந்து கடன் வேறு. அந்தக் கலோரியை நடந்து தீர்க்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். அவன் அதை வாங்கிக் குடிக்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிஷம். இரண்டு மடக்குக்குக் கதவுக்குப் பின்னால் காத்திருந்த காலத்தில் எங்களுக்கு எந்த ஞானமும் இல்லை. பாட்டில்தான் சின்னது, விருந்தாளியும் எப்போதாவதுதான் வந்தார்.

நாடு முழுக்க இதே கதைதான். 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ள பிள்ளைகள் 1990இல் இந்தியாவில் சுமார் நான்கு லட்சம் பேர். 2022இல் ஒன்றேகால் கோடி. 2024இல் 'லான்செட்' வெளியிட்ட கணக்கு இது. முப்பது வருஷத்தில் பிள்ளைகளின் நாக்கு திடீரென்று கெட்டுப்போய்விட்டது, மனஉறுதி குலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். அவர்களைச் சுற்றியிருந்த கடையும் தெருவும் பள்ளிக்கூடமும்தான் மாறின.

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். அவன் படிக்கிற பள்ளியின் விளம்பரத்தில் பச்சைப் பசேல் என்று மைதானம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வகுப்பும் உண்டு. பரீட்சை நெருங்கினால் அந்த இரண்டையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. மைதானத்தில் ஓடினால் சீருடை அழுக்காகும் என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்புகிற பெற்றோரும் உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. பேரனின் பள்ளி வாசலுக்கு எதிரே பேக்கரி இருக்கிறது. நான் காலால் அளந்தேன். சாலையைக் கடந்தால் படிக்கட்டு. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் எல்லாம் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. எதில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நல்ல யோசனைதான். பலகையைப் படித்துவிட்டு அப்படியே எதிர்ப்பக்கம் போகிறார்கள்.

ஒரு வேடிக்கை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல், காய் போட்ட சாம்பார். லட்சத்தில் கட்டணம் கட்டுகிற பள்ளிப் பிள்ளையின் டப்பாவில் கிரீம் பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு வறுவலும். இலவசமாகச் சாப்பிடுகிறவனின் தட்டுதான் உருப்படியாக இருக்கிறது.

எங்கள் குடும்பத்தின் பரிகாரங்களையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம் என்று நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் வந்தன. உடம்புக்கு எல்லாம் சர்க்கரைதான் என்று நான் சொன்னது எடுபடவில்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எங்கள் வீட்டிலும் கேப்பைக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். அது கேப்பை குக்கீஸாக வந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் கண்ணாடி போட்டுப் படித்தால் முதலில் கோதுமை மாவு, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில், வெகு பின்னால் கேப்பை. உடற்பயிற்சிக்கு ஒரு நிலைச் சைக்கிள் வாங்கினார்கள். இப்போது அதில் துண்டு காய்கிறது. கோடை விடுமுறையில் மரபு விளையாட்டு முகாம் ஒன்றில் சேர்த்தார்கள். கிட்டிப்புள், பம்பரம், பச்சைக்குதிரை எல்லாம் கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்டான். இவற்றை விளையாடியதற்காக நான் அப்பாவிடம் பெல்ட்டடி வாங்கியவன்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தோம். அத்தை இன்னும் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். பேரனின் புஜத்தைப் பழைய வழக்கப்படி இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார், விரல் எட்டவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான்டே நம்ம வீட்டுப் பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கான். கண்ணு பட்டுரும், சுத்திப் போடுங்க" என்றார். வகுப்பில் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நான் எழுதப் போவதில்லை. வேன் டிரைவர் அவனை முன்சீட்டில் உட்கார விடுவதில்லை. சித்தப்பா முறை ஆகிறவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் "பந்தியில் ரெண்டு இலை போடுங்க" என்றார். அந்த வருஷம் அவன் உடம்பைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் அத்தை ஒருவர்தான். கேலி கேட்ட நாட்களில் அவன் வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் ஒரு பாக்கெட் பிரிப்பான். கிண்டல் பண்ணினால் ரோஷம் வந்து இளைப்பான் என்று நம்புகிறவர்கள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததில்லை.

கடைசியில் மாறியது எல்லாம் சில்லறை விஷயங்கள். இரண்டு லிட்டர் பாட்டில் வீட்டுக்குள் வருவது நின்றது. இல்லாததை யாரும் குடிக்க முடியாதே. சாப்பாட்டு மேஜையில் போன் கிடையாது என்ற விதி வந்தது. அதை அதிகம் மீறுகிறவர் மருமகன். பரிசு என்றால் தின்பண்டம் என்பது போய், கடற்கரை, கிரிக்கெட் பந்து, ஒரு நாள் தாமதமாக எழும் உரிமை என்று ஆகியிருக்கிறது. பத்து நிமிஷச் செயலியை என் மகள் தன் போனிலிருந்து நீக்கிவிட்டாள். கொத்தமல்லிக்கும் தயிருக்கும் இப்போது பேரன்தான் போகிறான். இறங்கப் படி, ஏற லிஃப்ட் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தயிர்ப் பாக்கெட் சில நாள் உடைந்து வருகிறது, மீதிக் காசில் இரண்டு ரூபாய் குறைகிறது. நானும் அந்த வயதில் காப்பித்தூள் கமிஷன் அடித்தவன்தான், கேட்பதில்லை.

பெரிய சண்டை குடியிருப்புச் சங்கத்தில்தான். வீடு விற்கும்போது காட்டிய வரைபடத்தில் விளையாட்டுத் திடல் இருந்தது. இப்போது அதில் இரண்டாவது கார்கள் நிற்கின்றன. சுவரில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை. பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் காவலாளி விசில் ஊதுவார். கூட்டத்தில் நான் எழுந்து கேட்டபோது, பந்து பட்டால் கார்க் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். அவருடைய மகனுக்கும் பிடரி கருத்திருக்கிறது. அதை அங்கே சொல்லாமல், கூட்டம் முடிந்து தனியாகச் சொன்னேன். அடுத்த மாதம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை ஒரு வரிசைக் காரை வெளியே நிறுத்த முடிவானது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரேதான். ஒரு கண்ணாடி உடைந்தது. பெற்றோர் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு மாற்றினோம். மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் கார்க் கண்ணாடி மலிவு.

ஒரு வருஷத்தில் பேரன் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தான். எடை ஒரு கிலோ கூடியது. கழுத்துப் பட்டை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெறுங்கையோடு வர மனம் வராது, தெரியும். பேக்கரிப் பெட்டி வேண்டாம், கிரீம் பிஸ்கட் வேண்டாம், சாக்லேட் டப்பா வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் போதும், கூட ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்தால் மெத்த மகிழ்ச்சி. வந்ததும் பையனை ஏற இறங்கப் பார்த்து எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துறுதுறுக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து லிஃப்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.